கிளிப் கழற்றியாச்சு... கிளாரினெட் கீச்சுங்குது!

முன்பெல்லாம் பல்லுக்குக் கிளிப் போட்டவர்கள் என்றால் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பெண் குழந்தைகள்தான். இப்போது எங்கள் ஆபீஸில் மட்டும் நாலு பேர். அக்கவுன்ட்ஸில் ஒருவர், டெஸ்பாட்ச்சில் இரண்டு பேர், அப்புறம் அடியேன். நாலு பேரும் சேர்ந்து சிரித்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் எதிரே இருப்பவருக்குக் கண் கூசும். மற்ற மூன்று பேருக்கும் கிளிப்பால் வந்த ஒரே நஷ்டம், கேன்டீன் முறுக்கு. எனக்கு வந்தது வேறு மாதிரி. நான் கிளாரினெட் வாசிக்கிறவன்.

"அதென்ன ஸார், நாதஸ்வரத்துக்குத் தம்பியா?" என்று கேட்பவர்களுக்காக: கல்யாண ஊர்வலத்தில் பேண்ட் செட் வருகிறதே, அதில் கறுப்பாக, உடம்பெல்லாம் வெள்ளி நிறக் கீகளோடு ஒரு குழல் இருக்கும். அதேதான். ஜெர்மனியில் நியூரம்பர்க் ஊர்க்காரர் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் சுமார் 1700-ல் உருவாக்கியது. அது கப்பலேறி நம் ஊருக்கு வந்து, சதிர்க் கச்சேரியில் சின்ன மேளத்தோடு சேர்ந்துகொண்டது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கைக்குப் போனதும் முழுக் கச்சேரியே செய்தது. 2008-ல் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. 2022-ல் பத்மஸ்ரீ வந்தது.

நான் அந்த உயரமெல்லாம் இல்லை. ஆபீஸ் போக மிச்ச நேரத்தில், முகூர்த்த நாட்களில், ஒரு பேண்ட் குழுவில் வாசிக்கிற பார்ட்-டைம் பேர்வழி. ஆனாலும் பதிமூன்று வருஷ வாசிப்பு. அந்த வரும்படியில்தான் தங்கை படிப்புக்கு வாங்கின கடன் மாதாமாதம் கரைகிறது. ஆகவே, 'சும்மா ஒரு ஹாபிதானே, விட்டுத் தள்ளு' என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

முதலில், இந்தக் குழலுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்த்துவிடலாம்.

நாதஸ்வரத்துக்கு சீவாளி மாதிரி கிளாரினெட்டுக்கு ரீடு. சீவாளி இரட்டை, இது ஒற்றை. ஒரு வகை நாணல் தட்டையைச் சீவி, மவுத்பீஸின் அடிப்பக்கம் வைத்துக் கட்டியிருக்கும். மேல் முன்பற்கள் மவுத்பீஸின் மேல் சரிவில் உட்காரும். கீழுதடு கீழ்ப்பற்கள் மேல் லேசாக மடிந்து ரீடுக்கு மெத்தை போட்டுக் கொடுக்கும். வாயின் இரண்டு ஓரமும் காற்று ஒழுகாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே போவது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். ரீடின் நுனி முன்பற்களுக்குச் சற்று உள்ளே, நாக்கு நுனிக்கு நேர் எதிரே நிற்கும். இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் புத்தகத்தில் எம்பஷூர் என்று பிரெஞ்சுப் பெயர். எங்கள் மாஸ்டர் 'வாய்ப்பிடி' என்பார். எனக்கு மாஸ்டர் பாஷைதான் சௌகரியம்.

அதாவது, வாய்ப்பிடிக்குப் பல்தான் தூண். ராத்திரியோடு ராத்திரியாக நாலு தூணையும் யாரோ நகர்த்தி வைத்த பந்தலில் காலையில் கல்யாணம் நடத்தச் சொன்னால் எப்படியிருக்கும்? கிளிப் கழற்றிய மறுநாள் கிளாரினெட் எடுப்பது அப்படித்தான்.

எனக்கு எத்துப்பல். கிளாரினெட் ஊதி ஊதித்தான் அப்படி ஆச்சு என்று அம்மாவுக்கு ஒரு கட்சி. 1939-லேயே ஸ்ட்ரேயர் என்ற பல் சீரமைப்பு நிபுணர் காற்று வாத்தியங்களை, அவை வாயில் உட்காருகிற விதத்தை வைத்து வகை பிரித்தார். ஒற்றை ரீடு வாத்தியம் மேல் பல்லை வெளியேயும் கீழ்ப் பல்லை உள்ளேயும் தள்ளப் பார்க்கும் என்பது அந்தக் கணக்கு. நிஜத்தில் எவ்வளவு நகருகிறது என்பதில் பின்னால் வந்த ஆய்வுகளுக்குள் ஒற்றுமை இல்லை. என் எத்துப்பல் நான் கிளாரினெட்டைத் தொடுவதற்கு முன்பே, ரேஷன் கார்டு போட்டோவிலேயே இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னால் எடுபடாது.

டாக்டரம்மா மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு பல்லை எடுக்கச் சொன்னார்கள். அந்த இடைவெளிக்குள் முன்பற்களை மெள்ளப் பின்னால் இழுப்பார்களாம். எலும்புக்குள் பல் எப்படி நகரும் என்று கேட்டேன். கம்பி தள்ளுகிற பக்கம் எலும்பு கரைகிறது, விட்டுப்போன பக்கம் புது எலும்பு வளர்கிறது. கார்ப்பரேஷன் ரோடு மாதிரிதான். என்ன, இங்கே தோண்டினவர்களே மூடியும் விடுகிறார்கள்! ஒரு வருஷம் எட்டு மாதம் ஆயிற்று.

கிளிப்போடு வாசித்த காலத்தை விரிக்க வேண்டாம். கீழுதட்டின் உள்பக்கம் பிராக்கெட்டில் மாட்டிக் கிழியும். டாக்டரே கொடுக்கும் மெழுகை உருட்டி அதன் மேல் ஒட்டிக்கொள்ளலாம். சிகரெட் சுற்றும் தாளை மடித்துக் கீழ்ப்பல் மேல் போர்த்திக்கொள்வது உலகம் பூராவும் கிளாரினெட்காரர்கள் செய்கிற வேலை. (பெட்டிக் கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை தனிக் கதை.) கம்பியை இறுக்கிய பிறகு இரண்டு மூன்று நாள் மேல் பல்லில் மவுத்பீஸ் பட்டாலே மூளை வரை தெரியும். 3-ம் நம்பர் ரீடிலிருந்து 2-க்கு இறங்கினேன். மெல்லிய ரீடு, லேசான ஊதல், கொஞ்சம் தட்டையான நாதம். ஆனால் பிழைப்பு ஓடியது.

நிஜமான சோதனை, கிளிப் கழற்றிய பிறகுதான் ஆரம்பம்.

ஐப்பசியில் கழற்றினார்கள். கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு நல்ல பையன் சிரிக்கிறான். நாக்கு வழுக்கிக்கொண்டு பல் மேல் ஓடுகிறது. சாயந்திரமே திருவல்லிக்கேணி மேன்ஷன் மொட்டை மாடிக்குக் கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஊதினால் வெறும் காற்று. இன்னும் அழுத்தினால் 'கீச்'. வாட்ச்மேன் டார்ச்சோடு மேலே வந்து, "ஸார், டேங்க் பக்கம் பூனை ஏதாச்சும் மாட்டிக்கிச்சா?" என்றார்.

நாலு நாள் கழித்து ஒரு மாதிரி சத்தம் வந்தது. வந்ததும் நாக்கு வைத்து ஸ்வரங்களைத் தனித்தனியாக வெட்டிப் பார்த்தால், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் ஒரு 'டப்'. ரிகர்சலில் மாஸ்டர் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். "டேய் தம்பி, கிளாரினெட் வாசிக்கிறியா, கதவைத் தட்டறியா?" முன் வரிசையில் இருந்த என்னை மூன்றாவது கிளாரினெட் ஆக்கிவிட்டார். தை பிறந்தால் முகூர்த்த சீசன். மூன்றாவது கிளாரினெட்டுக்குச் சின்னக் கல்யாணங்களில் வேலையே கிடையாது. பெரிய கல்யாணத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். கையில் இருந்தது கார்த்திகையும் மார்கழியும்.

டாக்டரம்மாவிடமே போனேன், இந்தத் தடவை கிளாரினெட்டோடு. க்ளினிக்கில் எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். பல் பிடுங்க வந்து உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா எழுந்து வெளியே போனார். ஆனால் டாக்டரம்மா பக்கவாட்டில் நின்று பார்த்து, ஸ்கேலும் பேப்பருமாகப் படம் போட்டு விளக்கினதில்தான் எனக்கு வெளிச்சம் வந்தது.

பழைய வாயில் மேல் பல் வெளியே, கீழ்ப் பல் பின்னால். அந்த இரண்டுக்கும் நடுவில் மவுத்பீஸ் சொருக வேண்டுமானால் குழல் செங்குத்தாக, மார்போடு ஒட்டி நின்றால்தான் சரிப்படும். பதிமூன்று வருஷமாக அப்படித்தான் பிடித்தேன். இப்போது மேல் பல் ஐந்து மில்லிமீட்டர் பின்வாங்கி, கீழ்ப் பல்லுக்குக் கிட்டத்தட்ட நேராக வந்துவிட்டது. கையோ குழலைப் பழைய இடத்திலேயே பிடிக்கிறது. விளைவு, ரீடு உதட்டில் தவறான கோணத்தில் படுகிறது. குழலின் அடியை முழங்காலிலிருந்து ஒரு ஜாண் முன்னால் தள்ளினேன். அந்த க்ளினிக் நாற்காலியிலேயே நாதம் பாதி திரும்பியது.

உதடும் ஏமாற்றுகிறது. பிராக்கெட், கம்பி எல்லாம் சேர்த்து உதட்டை இத்தனை நாள் வெளியே தள்ளி வைத்திருந்தன. அது போனதும் உதடு உள்ளே விழுகிறது. பழக்கதோஷத்தில் நிறைய உதட்டை மடித்துப் போட்டால் மெத்தை தடித்துப்போய் ரீடு அசையாது. ரீடு அசையவில்லையே என்று தாடை கடிக்கும். கடித்தால் சுருதி ஏறும், கீச்சென்று கத்தும். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மவுத்பீஸையும் அதற்கு அடுத்த குட்டித் துண்டான பேரலையும் மட்டும் மாட்டி ஊதி, செல்போனில் ட்யூனர் ஆப்பைப் போட்டுப் பாருங்கள். சாதாரண பி-ஃப்ளாட் கிளாரினெட்டில் எஃப்-ஷார்ப் பக்கம் முள் நிற்க வேண்டும். மேலே ஏறினால் கடிக்கிறீர்கள். கீழே தொங்கினால் பிடி தளர்ந்திருக்கிறது. எனக்கு முதல் வாரம் முள், ஷேர் மார்க்கெட் மாதிரி ஆடியது.

கடிக்கிற வியாதிக்கு மாஸ்டர் ஒரு மருந்து சொன்னார். தினம் ஐந்து நிமிஷம் மேலுதட்டையும் மேல் பல்லுக்கு அடியில் மடித்துக்கொண்டு வாசிப்பது. அப்படி வைத்துக்கொண்டு கடித்தால் உயிர் போகும். அதனால் தாடை தானாகவே சாதுவாகி, ஓரங்கள் வேலை செய்யத் தொடங்கும். அப்புறம் பழையபடி பல்லை வைத்து வாசிக்கலாம். மவுத்பீஸ் மேல் ஒட்டுகிற ரப்பர் ஸ்டிக்கர் கடையில் கிடைக்கிறது, 0.8 மில்லிமீட்டர் தடிமனில் வாங்கி ஒட்டினேன். கூச்சம் போயிற்று. ஆனால் 'புது மவுத்பீஸ் வாங்கு, எல்லாம் சரியாகும்' என்று ஒரு நண்பர் ஆயிரக்கணக்கில் செலவுக்கு வழி காட்டினார் பாருங்கள், அவர் பேச்சைக் கேட்கவில்லை. வாயே இன்னும் நிலைகொள்ளாதபோது எதற்குப் பொருத்தமாக எதை வாங்குவது? குறைந்தது மூன்று மாதம் பர்ஸை மூடி வைப்பதுதான் உத்தமம்.

இனி நாக்குக்கு வருவோம். அதில்தான் ஆள் ஜாதகமே இருக்கிறது.

நாக்கு ரீடை அடித்து சத்தம் உண்டாக்குகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது அடிக்கிற சுத்தியல் இல்லை, குழாயைத் திறக்கிற கை. தண்ணீர் ஏற்கெனவே குழாய்க்குள் முட்டிக்கொண்டு நிற்கிறது. கையை எடுத்தால் கொட்டுகிறது. அதே மாதிரி காற்று முழு வேகத்தில் காத்திருக்க, நாக்கு நுனி ரீடின் நுனிக்கு ஓரிரு மில்லிமீட்டர் கீழே தொட்டுக்கொண்டு இருக்கும். நாக்கை எடுக்கிற கணம் ஸ்வரம் பிறக்கும். மறுபடி தொட்டால் நிற்கும். தொடும்போதும் காற்றை நிறுத்தக் கூடாது.

எத்துப்பல் காலத்தில் என் ரீடு வாயின் வாசலில், நாக்குக்கு எட்டாத தூரத்தில் நின்றது. நாக்கு தாவிப் போய்த் தொட்டது. அந்தத் தாவல் பதிமூன்று வருஷப் பழக்கம். இப்போது பல் பின்வாங்கியதில் ரீடு நாக்குக்குப் பக்கத்து வீடாகிவிட்டது. நாக்குக்கு அது தெரியவில்லை. பழைய வேகத்தில் தாவி, வாசற்படியிலேயே மோதுகிறது. அந்த 'டப்' அதுதான்!

இதற்குத் தமிழ்க்காரர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. 'டூ' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு மடங்கி மேலண்ணத்தைத் தேடும். 'து' என்று சொல்லுங்கள். நாக்கு மடங்காமல், நுனி நேராக முன்பல்லுக்குப் பின்னால் போய் நிற்கும். ரீடு நுனி இருப்பதும் அந்த அக்கம்பக்கம்தான். இங்கிலீஷ் புத்தகத்தில் 'டூ, டூ' என்று போட்டிருப்பதை நம் ஊர் 'டூ'வாக நினைத்து நாக்கை மடக்கினால் வம்பு. நாதஸ்வரக்காரர்கள் இந்த நாக்கு வேலைக்கு வைத்திருக்கும் பெயரே துத்துகாரம். பாருங்கள், பெயரிலேயே பாடம் இருக்கிறது.

நான் செய்த சாதகம் இது. முதல் வாரம் நாக்கே கிடையாது. 'ஹூ' என்று மூச்சிலேயே ஆரம்பித்து, கீழ் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை எட்டு எண்ணும் வரை நீட்டுவது. நாக்கு என்று ஒன்று இருப்பதையே மறக்கிற அளவுக்கு! இரண்டாவது வாரம், நாக்கை ரீடு மேல் வைத்துக்கொண்டு காற்றை முட்டவிட்டு, மெதுவாக எடுப்பது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை. எடுக்கும்போது 'து'வைக் காதுக்குள் ரகசியம் பேசுகிற மாதிரி நினைத்துக்கொள்வது. தாடை அசைகிறதா என்று எதிரே ஒரு ஷேவிங் கண்ணாடி. அசைந்தால் மறுபடி முதலிலிருந்து.

அப்புறம்தான் மெட்ரோனோம். 60-ல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டு, மூன்று, நாலு. சுத்தமாக வந்தால் மறுநாள் 64. வராவிட்டால் அதே 60. பழைய வாயில் தட்டுக்கு நாலு ஸ்வரம் 120 வேகத்தில் போனவன், 60-ல் உட்கார்ந்து எல்.கே.ஜி. பையன் மாதிரி 'து... து...' என்பது கௌரவக் குறைச்சல்தான். மேன்ஷனில் ரூம் மேட், மதுரைக்காரர், அண்ணன் முறை, ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "தம்பி, யாரு மேல கோவம்? காலங்காத்தால யாரைத் துப்புற?"

நேரக் கணக்கும் முக்கியம். ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் வாசித்தால் புது வாயின் தசை களைத்துப்போய்க் கடைசி அரை மணி பழைய கெட்ட பழக்கங்களைத்தான் பழகும். காலையில் குளிக்கிறதுக்கு முன்னால் பத்து நிமிஷம், ஆபீஸிலிருந்து வந்ததும் பத்து, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பத்து. ரீடு 2-லிருந்து இரண்டரைக்கு மார்கழி பாதியில் ஏறினேன். 3-ஐ இன்னும் தொடவில்லை.

ரீட்டெய்னரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிளிப் கழற்றினதும் மேலண்ணத்தை மூடுகிற ஒரு பிளாஸ்டிக் தகடும் கம்பியும் கொடுத்துவிடுவார்கள். கீழ்ப் பற்களுக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒன்றை நிரந்தரமாக ஒட்டுவதும் உண்டு. எனக்கு இரண்டும். முதல் பத்து நாள் போனில் மேனேஜரை 'ஸார்' என்று கூப்பிட்டால் 'தார்' என்றுதான் விழுந்தது. தகடோடு வாசிக்க முயன்றால் நாக்கின் பின்பாதி வைக்க இடமில்லாமல் தவிக்கும், நாதம் குறுகும். டாக்டரம்மாவைக் கேட்டேன். வாசிக்கும்போது மட்டும் கழற்றி டப்பாவில் வை, முடிந்ததும் கழுவி உடனே மாட்டு என்றார்கள். அந்த 'உடனே'யில் சமரசம் கிடையாது. நகர்ந்த பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் புது இடத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பல்லுக்கு ஊர் ஞாபகம் போகாது. கொஞ்சம் விட்டால் கிளம்பிவிடும். பல் மறுபடி நகர்ந்தால் வாய்ப்பிடியும் நகரும், 60-லிருந்து மறுபடி 'து... து...' போட வேண்டியதுதான். அதனால் கிளாரினெட் பெட்டிக்குள்ளேயே, ரீடு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ரீட்டெய்னர் டப்பாவுக்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டேன். டிஷ்யூ பேப்பரில் சுற்றி மேஜை மேல் வைத்து, கேன்டீன் பையன் இலையோடு சேர்த்து வாரிக்கொண்டு போன ரீட்டெய்னர் எங்கள் அக்கவுன்ட்ஸ்காரருடையது.

வாத்தியம் வாசிக்கிற யாராவது கிளிப் போடப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே வாத்தியத்தை க்ளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். எந்தப் பல் எங்கே நகரப் போகிறது என்று படம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கம்பி இறுக்குவதையும் கழற்றுவதையும் முகூர்த்த மாதத்துக்கு முந்தின வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். சீரான பிறகு மேல் பல் விளிம்பு மேடுபள்ளமாக இருந்து மவுத்பீஸ் ஆடினால், அதைத் தேய்த்துச் சமன் செய்யலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்; தெரிந்தவர், அரம் வைத்திருப்பவர் என்று யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள்.

தை இரண்டாவது முகூர்த்தம், வடபழனியில் ஒரு பெரிய மண்டபம். மாப்பிள்ளை அழைப்பு. மெட்ரோனோம் கணக்கில் 104-ஐத் தொட்டிருந்தேன். மாஸ்டர் ஒன்றும் பேசாமல், மூன்றாவது கிளாரினெட் நோட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு இரண்டாவதைக் கொடுத்தார். நாற்பது நிமிஷம் தாக்குப் பிடித்தேன். அதற்கப்புறம் மேல் ஸ்தாயியில் ஓரம் தளர்ந்து காற்று ஒழுக ஆரம்பித்தது. கீழே இறங்கி சமாளித்தேன். "பங்குனிக்கு முன் வரிசை பார்க்கலாம்" என்றிருக்கிறார். இடையில் மாசி பூராவும் இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை பல் செக்கப், அதற்கு அரை நாள் லீவ் லெட்டர் இன்னும் எழுதவில்லை.